லிண்டலில் நிற்கும் வீடுகள்: வேலூர்க் கிராமங்களில் கூட்டு உழைப்பால் வீடு கட்டுவதன் கணக்கு

குடியாத்தத்திலிருந்து கே.வி.குப்பம் வழியாகக் காட்பாடிக்கு வரும் சாலையை விட்டு உள்ளே இறங்கினால், ஏதாவதோர் ஊரின் கடைசித் தெருவில், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் குறுக்கு விட்டமான லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன ஒரு வீட்டையாவது பார்த்துவிடலாம். ஜன்னலுக்கு விட்ட இடத்தில் பழைய சேலை தொங்கும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருவேறியிருக்கும். உள்ளே ஆடு கட்டியிருப்பார்கள். அந்தச் சுவரை ஒட்டியே போட்ட கீற்றுக் கொட்டகையிலோ சிமெண்ட் ஷீட் இறக்கத்திலோ வீட்டுக்காரர்கள் வருடக்கணக்கில் குடியிருப்பார்கள். அரசு உதவி பெற்றுத் தொடங்கிய வீடுகள்தான் இவற்றில் பல. உதவி வந்தும் வீடு ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு விடை தெரிந்தால்தான், தன்னார்வலர்களையும் ஏழைக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு வீடு கட்டும் தொண்டு அமைப்புகளுக்கு இந்தப் பகுதியில் என்ன வேலை இருக்கிறது என்பதும் விளங்கும்.

தமிழ்நாட்டில் ஏழைகளுக்கு வீடு என்பது புதிய பேச்சு இல்லை. தொகுப்பு வீடு என்று ஊரில் எல்லோரும் சொல்லும் வீடுகளில் தொடங்கி, 1985-ல் வந்த இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 2010-ல் அறிவித்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-ல் 300 சதுர அடியில் சூரிய ஒளி விளக்குகளோடு வந்த பசுமை வீடு, 2016-ல் தொடங்கிய பிரதமர் ஊரக வீட்டுத் திட்டம் என்று வரிசை நீள்கிறது. 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்று தொகையை உயர்த்தியது. 2030-க்குள் குடிசையே இல்லாத மாநிலம் என்பதையும் இலக்காகச் சொன்னது. சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம் ரூபாயை அடிப்படை உதவியாக வைத்திருந்த மத்தியத் திட்டத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனாலும் இங்கே இந்தத் திட்டங்கள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு நடைமுறை உண்டு. பணம் முன்கூட்டி வராது. அடித்தளம் முடிந்ததும் ஒரு தவணை, சுவர் லிண்டலைத் தொட்டதும் ஒரு தவணை, கூரை போட்டதும் ஒன்று, பூச்சும் கழிப்பறையும் முடிந்து புகைப்படம் பதிவானதும் கடைசித் தவணை என்று, வேலை ஆன பிறகே வங்கிக் கணக்கில் ஏறும். சிமெண்டும் கம்பியும் வட்டார வளர்ச்சி அலுவலகம் வழியாகக் கிடைத்தாலும், கல், ஜல்லி, எம்-சாண்ட், மேஸ்திரி கூலி எல்லாவற்றுக்கும் கையில் ரொக்கம் வேண்டும். பொதுப் பணம் வீணாகாமல் இருக்க இந்த ஏற்பாடு தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் கையில் பத்தாயிரம் ரூபாய்கூட இல்லாத குடும்பம் என்பதால்தானே அதைப் பயனாளியாகத் தேர்ந்தெடுத்தோம்? அந்தக் குடும்பத்திடம் முதலில் கடைக்கால் போட்டுக் காட்டு, பிறகு பணம் தருகிறோம் என்றால், அது கடன்காரரிடம்தான் போய் நிற்கும்.

இந்தப் பக்கத்தில் 'மூணு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். வானம் தோண்டிக் கருங்கல் இறக்கிப் பேஸ்மட்டம் எழுப்ப 50,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,500 ரூபாய் வட்டி. தவணை பிந்தி, மழை குறுக்கிட்டு, மேஸ்திரி வேறு வேலைக்குப் போய், எட்டு மாதம் இழுத்துவிட்டால் வட்டி மட்டும் 12,000 ரூபாய் ஆகிறது. தனிநபர் கழிப்பறைக்கு அரசு தரும் ஊக்கத்தொகையும் அதே 12,000 ரூபாய்தான். ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைகளில் கூலிக்குப் போகிறவர்களும், குடியாத்தத்தில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பீடி சுற்றுகிற பெண்களும் இந்த வட்டியை வயிற்றைக் கட்டித்தான் அடைக்கிறார்கள். வட்டி கட்ட முடியாத மாதத்தில் வேலை நிற்கிறது. வேலை நின்றால் அடுத்த தவணை வராது. லிண்டலில் நிற்கும் வீடுகளில் பலவற்றின் கதை இவ்வளவுதான்.

கூட்டு உழைப்பில் வீடு கட்டும் அமைப்புகளைப் பற்றிப் பேசும்போது நம் கண்ணில் முதலில் படுவது தொப்பி அணிந்து செங்கல் தூக்கும் கல்லூரிப் பிள்ளைகள். உண்மையில் அந்த அமைப்புகளின் உயிர்நாடி சுழல்நிதி. இந்த முறை உருவான இடம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். அமெரிக்கஸ் என்ற சிற்றூரின் அருகே 1942-ல் கிளாரன்ஸ் ஜோர்டான் முதலானோர் கொய்னோனியா என்ற கூட்டுப் பண்ணையைத் தொடங்கினார்கள். கறுப்பின மக்களும் வெள்ளையரும் ஒன்றாக உழைத்து ஒன்றாக உண்ட பண்ணை என்பதால் அக்கம்பக்கத்தாரின் பகையை அது நிறையச் சம்பாதித்தது. 1960-களின் இறுதியில் ஜோர்டானும் மில்லர்ட் ஃபுல்லரும் அங்கே வகுத்த திட்டத்தில் லாபம் கிடையாது, வட்டி கிடையாது. குடும்பம் தன் உழைப்பையும் போட்டு வீட்டைக் கட்டும். கட்டிய செலவை மாதாமாதம் திருப்பிக் கட்டும். அந்தப் பணம் அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குப் போகும். முதல் வீடு முடியும் முன்பே 1969-ல் ஜோர்டான் காலமானார். ஃபுல்லரும் அவருடைய மனைவி லிண்டாவும் 1976-ல் ஹேபிடேட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பைத் தொடங்கினார்கள். 1983 முதல் அது இந்தியாவிலும் இயங்குகிறது. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984 முதல் சுத்தியல் பிடித்து வேலை செய்ததால்தான் உலகம் அதைக் கவனித்தது; 2006-ல் அவர் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா அருகே வந்து நூறு வீடுகள் கட்டும் பணியிலும் பங்கெடுத்தார்.

நம் மண்ணிலும் இதற்கு இணையான முயற்சி உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவருடைய கணவர் எஸ். ஜெகந்நாதனும் 1981-ல் தொடங்கிய 'லாஃப்டி' என்ற உழுபவர் நில உரிமை இயக்கம், கீழத் தஞ்சைப் பகுதியில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்ததோடு நிற்காமல், அந்தக் குடும்பங்களைக் கொண்டே செங்கல் அறுத்து வீடுகளும் கட்டியது. நிலம் பெண்களின் பெயரில் பதிவானது. முதலில் காலுக்குக் கீழே உள்ள மண், பிறகு சுவர் என்ற அந்த வரிசை வேலூருக்கும் அப்படியே பொருந்துகிறது என்பது என் கருத்து.

சுழல்நிதி இங்கே எப்படி வேலை செய்யும்? அமைப்பு மொத்த வீட்டையும் இலவசமாகக் கட்டித் தருவதில்லை. அப்படித் தந்தால் பத்து வீட்டோடு பணம் தீர்ந்துவிடும். அரசுத் தவணைகளுக்கு இடையில் விழும் பள்ளத்தை அது வட்டியில்லாமலோ மிகக் குறைந்த வட்டியிலோ நிரப்புகிறது. கடைக்காலுக்கு முன்பணம் தருகிறது. முதல் தவணை ஏறியதும் அதைத் திருப்பி வாங்கி லிண்டலுக்குத் தருகிறது. கடைசியில் அரசு உதவிக்கு மேல் ஆன செலவு மட்டுமே கடனாக மிஞ்சும். அதை மகளிர் சுயஉதவிக் குழு வழியாக மாதாமாதம் கட்டுகிறார்கள். இந்தப் பக்கத்துக் குழுக்களுக்குக் கடன் வாங்கிக் கட்டிய பழக்கம் நெடுநாளாக இருப்பதால் இந்த ஏற்பாடு அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஏற்கெனவே மூன்று இடங்களில் வாரத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் பெண்ணின் தலையில் நான்காவதாக வீட்டுக் கடனையும் ஏற்றினால், வீடு எழும்பும், குடும்பம் சாயும். குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வருமானத்தை விசாரிப்பதோடு, இருக்கும் கடன்கள் அத்தனையையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் அமைப்பே பொறுப்பான அமைப்பு.

கூட்டு உழைப்பு நடக்கும் ஒரு நாளை அணைக்கட்டுப் பக்கத்து ஊர் ஒன்றில் அருகிருந்து பார்த்திருக்கிறேன். காலை ஏழரை மணிக்குக் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்கினார்கள். டிராக்டர் போக வழியில்லாத சந்து என்பதால் செங்கல் லோடு தெருமுனையில் கிடந்தது. அங்கிருந்து மனை வரை வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள். முதல் அரை மணி நேரத்தில் பலருக்கும் விரல் நுனி தேய்ந்து சிவந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா பழைய சேலையைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்து, உள்ளங்கையில் எப்படிச் சுற்றிக்கொள்வது என்று காட்டினார். அவர் செங்கல் சூளையில் வளர்ந்தவர். இரண்டு கல்லை ஒரே கையில் வாங்கி மறு கைக்கு மாற்றி விடுவதை அந்தப் பிள்ளைகள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வந்து சேர்ந்த கல்லை அடுக்கும் முன் மேஸ்திரி ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கல்லை எடுத்து மற்றொன்றில் தட்டிப் பார்த்தார். கணீரென்று ஒலித்தால் வெந்த கல். மொத்தென்று கேட்டால் ஓரமாகப் போட்டுவிட்டார். மதியத்துக்குள் லோடு முழுவதும் மனைக்கு வந்துவிட்டது.

அன்றைய வேலையைக் கூலியில் அளந்தால் சில சித்தாள்களின் ஒரு நாள் சம்பளம்தான் மிச்சமாகியிருக்கும். இதை மறைக்க வேண்டியதில்லை. கட்டடச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலி என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. அதிலும் பெரும் பகுதி மேஸ்திரிக்கும் கம்பி கட்டுபவருக்கும் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆட்களுக்கும் போகிறது. பழக்கமில்லாதவர்களைச் சாரத்தில் ஏற்றுவதும், கூரை கான்கிரீட் நாளில் கலவை இயந்திரத்தின் அருகே விடுவதும் விபத்தை விலைக்கு வாங்குவதாகும். தன்னார்வலருக்கு உரிய வேலை மண் நிரப்புவது, கல் நனைப்பது, சுமப்பது, வெள்ளையடிப்பது ஆகியவைதான். ஆனாலும் அவர்கள் வருவதால் வேறொன்று நடக்கிறது. ஊரின் கடைசித் தெருவுக்குள் இதுவரை காலெடுத்து வைக்காத பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்தத் தெருவுக்கு ஏன் சாலை வரவில்லை, தண்ணீர்க் குழாய் ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்கத் தொடங்குகிறார்கள். 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம்கள் இப்படிப்பட்ட இடத்தில் நடந்தால் அந்த ஏழு நாளும் வீணில்லை.

குடும்பத்தின் உழைப்பைப் பற்றி இன்னும் கவனமாகப் பேச வேண்டும். வீட்டுக்காரர்கள் தாங்களும் இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது இந்த அமைப்புகளின் பொதுவான விதி. வார நாளில் பீடிக் கூடையையோ தோல் ஷாப் வேலையையோ விட்டுவிட்டு வந்து மண் சுமக்கும் பெண் அன்றைய கூலியை இழக்கிறார். இலவசம் என்று கணக்கில் எழுதும் உழைப்புக்கு அவர் தன் அடுப்பிலிருந்து விலை கொடுக்கிறார். பிரதமர் திட்டம் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வழியாகச் சமவெளியில் 90 நாள் கூலியை வீட்டுக்காரருக்கே வழங்க வகை செய்தது இந்த உண்மையை ஏற்றுக்கொண்டதால்தான். அமைப்புகளும் குடும்பத்தின் உழைப்பை ரூபாயில் மதிப்பிட்டு, திருப்பிக் கட்ட வேண்டிய தொகையில் கழித்துவிடுவதே நியாயம்.

குடும்பத்தைத் தவிர வேறு யாராலும் செம்மையாகச் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. அது தண்ணீர் ஊற்றுவது. கான்கிரீட்டும் சிமெண்ட் பூச்சும் இறுகி வலுப்பெறக் குறைந்தது ஏழு நாள், இன்று கடைகளில் பரவலாக விற்கும் கலப்புச் சிமெண்டாக இருந்தால் பத்து நாளாவது, ஈரம் காயாமல் இருக்க வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் வேலூர் வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கெல்லாம் காய்ந்துவிடும். ஒப்பந்தக்காரரின் ஆள் ஒரு நாளைக்கு ஒரு முறை குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். தன் வீடு என்ற எண்ணம் உள்ள கிழவியோ பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையோ கூரை மேல் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி, சுவரில் ஈரச் சாக்கைப் போர்த்தி, ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்ப்பார்கள். பாலாறு வருடத்தில் பெரும்பாலான நாள் மணலாகவே கிடக்கும் இந்தப் பகுதியில் அந்தத் தண்ணீரைத் தேடிச் சுமப்பதும் அவர்கள்தான். அந்த வீடுகளின் கூரை ஒழுகாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த உழைப்பு என்று உறுதியாகச் சொல்வேன்.

எதைக் கொண்டு கட்டுவது என்பதிலும் அமைப்புகள் பயனுள்ள வேலை செய்ய முடியும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுகிறார்கள். சுவரின் கனம் ஒன்பது அங்குலமே, நடுவில் மூன்று அங்குல வெற்றிடம் கிடைக்கிறது. கல் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. 18 அடிக்கு 20 அடி வீட்டின் வெளிச்சுவர், பத்தடி உயரம், கதவு ஜன்னலைக் கழித்தால் சுமார் 660 சதுர அடி வரும். சதுர அடிக்கு ஒன்பது கல் என்று வைத்தால் 6,000 கல் வேண்டும். அதில் 1,500 கல் மிச்சம் என்பது ஏழைக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. நடுவில் அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கிறது. கூரையின் கீழ்ப் பாதியில் கான்கிரீட்டுக்குப் பதில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதிக்கும் முறையும் அப்படித்தான். அந்த இடத்தில் இழுவிசையைக் கம்பிதான் தாங்குகிறது, கான்கிரீட் வெறும் சுமை.

ஆனால் இதில் உள்ள சிக்கலை வேலூர் மேஸ்திரிகள் உடனே சொல்லிவிடுவார்கள். விளிம்பில் நிறுத்திக் கட்ட அளவு பிசகாத கல் வேண்டும். ஏரி மண்ணில் கையால் அறுத்துச் சூளையில் சுட்ட நாட்டுச் செங்கல் ஒன்று போல் மற்றொன்று இருக்காது. அறை அறையாக அமைந்த சூளையில் சுட்ட சேம்பர் கல் அளவாக இருக்கும், விலை கூடும். அதோடு, பழகாத கட்டு என்பதால் முதல் வீட்டில் மேஸ்திரி இரட்டை நாள் எடுப்பார். குடும்பமும் ஓட்டைச் சுவர் என்று தயங்கும். இரண்டு மேஸ்திரிகளை முறையாகப் பழக்கி, ஊரில் ஒரு வீட்டைக் கட்டிக் காட்டிவிட்டுத்தான் மற்றவர்களிடம் பேச முடியும். மலிவு என்ற சொல்லுக்கு மயங்கி அடித்தளத்தில் மிச்சம் பிடிக்கவே கூடாது. 2021 நவம்பர் மழையில் பாலாற்றில் வெள்ளம் புரண்டு ஓடிய வாரத்தில், பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். நனைந்து ஊறிய சுவரடியில் ஏழைகள் உறங்குகிறார்கள் என்ற நினைவு, அளவு நாடாவைக் கையில் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது பட்டா. தன் பெயரில் மனை இருந்தால்தான் எந்தத் திட்டத்திலும் பெயர் ஏறும். ஊரில் குடியிருப்புக்கென்று உள்ள நிலமான கிராம நத்தத்தில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களின் உரிமை வலுவானதுதான். ஆனால் பட்டா தாத்தாவின் பெயரில் இருக்கும், அவருக்குப் பேரன் பேத்திகள் பதினொரு பேர் இருப்பார்கள். வாரிசுச் சான்று, உடன்பிறந்தவர்களின் சம்மதம், நில அளவையர் வந்து சங்கிலி பிடித்து உட்பிரிவு செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டும். பழைய வட ஆற்காடு 1989-ல் பிரிந்து, 2019-ல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மீண்டும் மூன்றானதில் தாலுகாக்களும் அலுவலகங்களும் மாறிவிட்டதால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதும் சேர்ந்துகொண்டது. நல்ல அமைப்பில் கொத்து வேலை தெரிந்த ஒருவர் இருந்தால், வருவாய்த் துறைக் காகிதம் தெரிந்த இருவர் இருக்க வேண்டும்.

இருளர் குடும்பங்களின் நிலை இதைவிடக் கடினம். செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு உழைத்தவர்கள் பலர் ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் குடிசை போட்டிருக்கிறார்கள். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா தர முடியாது. சாதிச் சான்றும் பலரிடம் இல்லை. ஊர் ஊராகக் கல் அறுத்துச் சுட்டுக் கொடுத்தவர்களின் பெயர் எந்தப் பயனாளிப் பட்டியலிலும் இல்லை என்பது நெஞ்சை அறுக்கும் நிலை. பழைய வட ஆற்காட்டின் பகுதியாக இருந்த வந்தவாசி அருகே மீசநல்லூரில், கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர்கள் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இருளர் குடும்பங்களுக்கு மாவட்ட நிர்வாகம் ஒரே இடத்தில் மனை ஒதுக்கி வீடு கட்டி, பிழைப்புக்கும் வழி செய்தது. அங்கே முதலில் நிலத்தை உறுதிசெய்துவிட்டே சுவருக்குப் போனார்கள். பீஞ்சமந்தை போன்ற ஜவ்வாது மலை ஊர்களில் கதை வேறு. அங்கே ஒரு மூட்டை சிமெண்ட் மேலே ஏறும்போதே அதன் விலை ஏறிவிடுகிறது. சமவெளிக்குப் போட்ட மதிப்பீடு அங்கே செல்லாது.

வேலூரில் இந்த வேலையில் இறங்க நினைக்கும் குழுவினர் நன்கொடை திரட்டும் முன்பே மூன்று கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் லிண்டலில் நின்றுபோன வீடுகளைக் கணக்கெடுக்கலாம். அந்த வீடுகளுக்குப் பட்டா இருக்கிறது, பெயர் பட்டியலில் இருக்கிறது, சுவரும் இருக்கிறது. துருவேறிய கம்பியைச் சுரண்டிச் சோதித்து, நனைந்து கிடந்த சுவரின் மேல் வரிசைகளை எடுத்துவிட்டு, கூரைக்குத் தேவையான முன்பணத்தை நிதியிலிருந்து கொடுத்தால், சில வாரங்களில் அடுத்த தவணைக்கு விண்ணப்பிக்க முடியும். ஆட்டை வெளியே கட்டிவிட்டு அந்தக் குடும்பம் ஐப்பசி மழைக்கு முன் உள்ளே போய்விடலாம்.